கால்வாய் திறந்தாச்சா?

டிசம்பர் கடைசி வாரம் வந்துவிட்டால் எங்கள் வாட்ஸப் குழுவில் வேறு பேச்சே இருக்காது. நாலு பேர்தான் குழு. காலையில் ஒருவர் கேட்பார், "கால்வாய் திறந்தாச்சா?" இல்லை என்று இன்னொருவர் பதில் போடுவார். மறுநாள் காலை மறுபடியும் அதே கேள்வி. கனடாவின் தலைநகர் ஒட்டாவாவில் இருப்பவர்களுக்கு இது எந்தக் கால்வாய் என்று சொல்ல வேண்டியதில்லை. ஊரின் நடுவே ஓடுகிற ரிடோ கால்வாய் உறைந்து, அதன்மேல் ஐஸ் ஸ்கேட்டிங் போகலாம் என்று பச்சைக் கொடி ஏற்றும் நாளுக்காக மொத்த ஊருமே காத்திருக்கும்.

எனக்கு இந்தக் கேள்வி புதிதில்லை. நான் ஒரத்தநாட்டுப் பக்கம். எங்கள் ஊர் வழியாகப் போகிற கல்லணைக் கால்வாயை யாரும் கால்வாய் என்று சொல்லி நான் கேட்டதில்லை, புது ஆறு என்றுதான் சொல்வார்கள். மேட்டூர் அணை கட்டிய திட்டத்தோடு சேர்த்து வெட்டி 1934-ல் தண்ணீர் விட்டது, தொண்ணூறு வருடம் ஆகியும் அது எங்களுக்குப் புது ஆறுதான். ஜூன் 12-ல் மேட்டூர் திறக்க வேண்டும், ஜனவரி 28-ல் அடைக்க வேண்டும் என்பது வழக்கம். ஜூன் பிறந்ததும் டீக்கடையில், பஸ்ஸில், கல்யாண வீட்டுப் பந்தியில் ஒரே கேள்விதான்: "தண்ணி வந்தாச்சா?" 2012-லிருந்து 2019 வரைக்கும் எட்டு வருடம் ஜூன் 12-ல் அணை திறக்கவில்லை. அப்பா அந்த வருடங்களில் எல்லாம் சாயங்காலம் கரையில் போய்ச் சும்மா நின்றுவிட்டு வருவார். மணல் தெரிகிற ஆற்றை அப்படி என்னதான் பார்க்கிறார் என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

ஒட்டாவாவுக்கு வந்த முதல் அக்டோபரில் இந்தக் கால்வாயில் தண்ணீரை இறக்கினார்கள். படகுப் போக்குவரத்து முடிந்ததும் ஒவ்வொரு வருடமும் செய்வதுதான். ஓரத்துக் கல்சுவரில் பாசி பிடித்த கோடு தெரிந்தது, அடியில் சேறு, ஒரு பழைய சைக்கிள் சக்கரம். பாலத்தில் நின்று வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அடைப்புக்குப் பிறகு புது ஆறு அச்சு அசல் இப்படித்தான் இருக்கும்.

அப்புறம்தான் தெரிந்தது, இங்கே தண்ணீரைக் குறைப்பது கால்வாயை மூடுவதற்கு மட்டும் இல்லை, இன்னொரு வகையில் திறப்பதற்கும்தான் என்று. குறைவான தண்ணீர் சீக்கிரம் உறையும். உறைந்த பிறகு 7.8 கிலோமீட்டர் நீளத்துக்கு அது ஒரு சாலை. நகர மையத்தில் தேசியக் கலை மையத்தின் பக்கத்திலிருந்து டௌஸ் ஏரியைத் தாண்டி, கார்ல்டன் பல்கலைக்கழகத்தை ஒட்டிய ஹார்ட்வெல்ஸ் மதகுகள் வரைக்கும் போகும். பரப்பளவில் 90 ஒலிம்பிக் ஹாக்கித் தளங்களுக்குச் சமம் என்று கணக்குச் சொல்வார்கள். 1970-71 குளிர்காலத்தில்தான் இது முதன்முதலில் நடந்தது. தேசியத் தலைநகர ஆணையத்தின் தலைவராக இருந்த டக்ளஸ் ஃபுல்லர்டன் சொல்லி, ஆட்கள் துடைப்பமும் மண்வாரியும் வைத்துக்கொண்டு கலை மையத்துக்குக் கீழே ஒரு சின்னப் பட்டையை மட்டும் கூட்டிப் பெருக்கிவிட்டார்கள். முதல் வார இறுதியிலேயே 50,000 பேர் வந்துவிட்டார்கள். அன்றிலிருந்து ஒரு வருடம்கூடத் தவறாமல் திறந்துகொண்டிருந்த இடம். கட்டணம் கிடையாது.

2023-ல் திறக்கவில்லை. ஜனவரி முழுக்கப் பார்த்தோம், பிப்ரவரி முழுக்கப் பார்த்தோம், குழுவில் கேள்வி கேட்பது மெல்ல மெல்ல நின்றுபோனது. 53 வருடத்தில் முதல் தடவை. உறைவதற்கு முன் மழை பெய்தது, உறைந்ததும் பனி கொட்டியது, பிறகு மறுபடி மழை. பாதுகாப்பாகத் திறப்பதற்குக் குறைந்தது 30 சென்டிமீட்டர் கனத்துக்கு நல்ல ஐஸ் வேண்டும், அது அமையவே இல்லை. அடுத்த வருடம் திறந்தார்கள், எல்லாம் சேர்த்து 10 நாள்தான் கிடைத்தது, அந்தப் பத்து நாளில் நாங்கள் நாலு பேரும் சேர்ந்து போக ஒரு நாள்கூட அமையவில்லை, அடுத்த சனிக்கிழமை போகலாம் என்று சொன்ன சனிக்கிழமைக்குள் சிவப்புக் கொடி ஏறிவிட்டது. அந்த இரண்டு குளிர்காலமும் வேலை முடிந்து வரும்போது பாலத்தில் ஒரு நிமிடம் நின்று கீழே பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன். அப்பா கரையில் நின்றது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

அதனால் 2025-ல் ஜனவரி 11-ம் தேதியே திறந்ததும் நாங்கள் எதையும் தள்ளிப்போடவில்லை. முடிந்தபோதெல்லாம் போனோம். அதில் பிப்ரவரி முதலில் போன ஒரு சனிக்கிழமை மதியத்தைத்தான் எழுத நினைக்கிறேன்.

மைனஸ் 12. வெயில் நன்றாக அடித்தது, காற்று அவ்வளவாக இல்லை. நாலு பேரில் மூத்தவர் யாழ்ப்பாணத்து அக்கா. 1989-ல் இந்த ஊருக்கு வந்தவர், எங்களுக்கு எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்தவர். அடுத்து என் அலுவலக நண்பன், மதுரைக்காரன். கடைசியாகக் கார்ல்டனில் படிக்கிற தம்பி, இவன் வகுப்புக்கே புத்தகப் பையோடு ஸ்கேட்டிங் பண்ணிப் போகிறவன். கலை மையத்துக்குக் கீழே படியிறங்கினால் மரப்பெஞ்சு போட்டிருப்பார்கள், அதில் உட்கார்ந்துதான் ஸ்கேட் மாட்ட வேண்டும். இந்த லேஸ் கட்டுகிற வேலையை அவசரமாகச் செய்யக்கூடாது. விரல் பக்கம் கொஞ்சம் தளர்வாக, கணுக்காலில் இறுக்கமாக, மேலே மறுபடி சற்றுத் தளர்வாக. கையுறையோடு இறுக்கிக் கட்ட வராது, கையுறையைக் கழற்றினால் இரண்டு நிமிடத்தில் விரல் மரத்துப்போகும். ஒரு காலைக் கட்டிவிட்டுக் கையைக் கோட்டுக்குள் வைத்துச் சூடாக்கி, பிறகு அடுத்த கால். அக்கா என் கணுக்காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இது காணாது தம்பி, இன்னும் இறுக்குங்கோ, கால் சரிஞ்சா சுளுக்கிப் போடும்" என்றார். அவிழ்த்து மறுபடி கட்டினேன்.

ஸ்கேட்டின் பிளேடைக் கத்தி மாதிரி ஒற்றைக் கூர் என்றுதான் நான் முதலில் நினைத்திருந்தேன். திருப்பிப் பார்த்தால் அடியில் நீளவாக்கில் ஒரு குழிவு ஓடும், அதன் இரு பக்கமும் இரண்டு விளிம்பு. உள்விளிம்பு, வெளிவிளிம்பு. எல்லா வித்தையும் அந்த இரண்டு விளிம்பில்தான் இருக்கிறது. நடப்பதுபோல் காலைப் பின்னுக்குத் தள்ளினால் நகர முடியாது, பக்கவாட்டில்தான் தள்ள வேண்டும், உள்விளிம்பு ஐஸைக் கடிக்கும், மற்றக் கால் வழுக்கிக்கொண்டு முன்னே போகும். முழங்கால் மடிந்தே இருக்க வேண்டும். அக்கா முதல் வருடத்திலிருந்து என்னிடம் சொல்கிற மந்திரம் ஒன்றுதான்: "நேரா நிக்காதேங்கோ. நேரா நிண்டா விழுவீங்கள்."

ஏன் வழுக்குகிறது என்பதற்குப் பள்ளியில் நமக்குச் சொன்னது, மெல்லிய பிளேடின் அழுத்தத்தில் ஐஸ் உருகித் தண்ணீராகிறது என்று. கணக்குப் போட்டுப் பார்த்தால் ஒரு ஆளின் எடை உருகுநிலையைக் கொஞ்சம்தான் இறக்கும், மைனஸ் 12-ல் அது எந்த மூலைக்கும் காணாது. அதோடு சாதாரண ஷூ போட்டவனும்தானே வழுக்கி விழுகிறான். ஐஸின் மேல்பரப்பில் உறைநிலைக்குக் கீழேயும் தண்ணீர் மாதிரி இளகிய ஒரு மெல்லிய படலம் உண்டு என்பதுதான் விஷயம். மைக்கேல் ஃபாரடே 1850-லேயே இதை நினைத்துப் பார்த்திருக்கிறார். அதோடு பிளேடு உரசுகிற சூடும் சேர்ந்துகொள்கிறது. நான் போகிற பாதை முழுக்க, கண்ணுக்குத் தெரியாத ஒரு துளி ஈரத்தின் மேல்தான் போகிறேன் என்பது எனக்கு எத்தனை முறை நினைத்தாலும் அலுக்காத விஷயம்.

முதல் பத்து நிமிடம் உடம்பு பழகுகிற வரைக்கும் யாரும் பேச மாட்டோம். பிறகு கால் தன்பாட்டுக்குத் தாளம் பிடித்துக்கொள்ளும், சரக்... சரக்... என்று. கார்க்டவுன் நடைபாலத்துக்கு அடியில் போகும்போது நாலு பேர் சத்தமும் ஒன்றாகச் சேர்ந்து மேலே முட்டித் திரும்பி வந்தது. கார்க்டவுன் என்பது இந்தக் கால்வாயை வெட்ட வந்த ஐரிஷ் கூலிக்காரர்கள் குடிசை போட்டிருந்த இடம். கர்னல் ஜான் பை என்ற ராணுவப் பொறியாளர் 1826-லிருந்து 1832 வரைக்கும் இங்கிருந்து கிங்ஸ்டன் வரை 202 கிலோமீட்டருக்கு இதை முடித்தார். மண்வெட்டியும் கடப்பாரையும் வெடிமருந்தும்தான் அவர்கள் கையில் இருந்தது. ஏறத்தாழ ஆயிரம் பேர் செத்தார்கள், அதில் பாதிக்கும் குறையாமல் நோயால், முக்கியமாக மலேரியாவால். இந்தக் குளிர் ஊரில் மலேரியாவா என்று நம்பவே முடியாது. ஆனால் கோடையில் இங்கே கொசு எப்படி மொய்க்கும் என்று பார்த்தவர்கள் நம்புவார்கள். நாங்கள் போய்க்கொண்டிருந்த டௌஸ் ஏரியே அப்போது பெரிய சதுப்பு நிலம், அதற்கு அணை போட்டுத்தான் ஏரியாக்கினார்கள். அந்தப் பாலத்துக்கு அடியில் போகும்போதெல்லாம் நான் கொஞ்சம் மெதுவாகத்தான் போவேன்.

பிரிடோரியா பாலத்தைத் தாண்டினால் கூட்டம் குறையும். குழந்தையைச் சறுக்குவண்டியில் உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு போகிற அப்பாக்கள், இடுப்பில் கை கட்டி ஒரே சீராகப் போகிற எழுபது வயதுத் தம்பதி, பின்பக்கமாகவே போகிற பள்ளிக்கூடப் பிள்ளைகள். மதுரைக்காரன் வேகம் எடுத்தான். "மாப்ள, வாடா" என்று திரும்பிக் கத்தினான், நானும் எட்டிப் பிடிக்கலாம் என்று தள்ளினேன். ஐஸில் ஒரு விரிசல் நீளவாக்கில் ஓடிக்கொண்டிருந்ததைப் பார்க்கவில்லை. இடது பிளேடு அதற்குள் இறங்கிவிட்டது. உடம்பு மட்டும் முன்னே போனது.

விழும்போது விரலை மடக்கிக்கொள்ளச் சொல்லிக்கொடுத்திருக்கிறார் அக்கா, பின்னால் வருகிறவர்களின் பிளேடு விரலில் ஏறிவிடக்கூடாது என்பதற்காக. அது மட்டும் தானாக வந்தது. முழங்கால் நன்றாக அடி வாங்கியது. எழுந்திருக்காமல் ஒரு நிமிடம் அப்படியே குப்புறக் கிடந்தேன், முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் ஐஸ். மேலே வெள்ளையாகக் கீறல் விழுந்திருந்தது, கையுறையால் துடைத்ததும் அந்த இடம் கண்ணாடி மாதிரி ஆனது. உள்ளே குமிழிகள், ஒன்றின்மேல் ஒன்றாக, சில்லறைக் காசை அடுக்கிவைத்த மாதிரி. அதற்கும் கீழே ஒரு மேப்பிள் இலை, காம்போடு, நரம்புகூடத் தெரிகிற மாதிரி, இலையுதிர்காலத்துச் சிவப்பு இன்னும் முழுதாகப் போகாமல். விரிசலின் வெட்டுமுகம் ஒரு வெள்ளைத் தாளைச் செங்குத்தாகச் செருகினாற்போல் கீழே கீழே இறங்கிக்கொண்டே போனது. இவ்வளவு கனம் இருக்கிறது, பயப்பட வேண்டாம் என்று அந்த விரிசலே காட்டிக்கொண்டிருந்தது.

"அடி பட்டதோ தம்பி? அவதிப்படாதேங்கோ, ஆறுதலா எழும்புங்கோ" என்று அக்கா பக்கத்தில் மண்டியிட்டார். இலையைக் காட்டினேன். அவரும் குனிந்து பார்த்தார். "எப்ப விழுந்ததோ" என்றார்.

இந்த ஐஸ் தானாக வந்ததில்லை என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். குளிர் இருந்தால் உறைந்துவிடும் என்று நானும் நினைத்திருந்தேன். ஆனால் ஐஸ் தானே தனக்குப் போர்வை. மேலே ஒரு தட்டு உறைந்துவிட்டால், கீழே இருக்கிற தண்ணீரின் சூடு அந்தத் தட்டு வழியாகத்தான் வெளியே போக வேண்டும், தட்டு தடிக்கத் தடிக்க அது மெதுவாகும். இயற்பியலாளர் யோசஃப் ஸ்டெஃபான் 1891-ல் போட்ட கணக்கின்படி, அதே குளிரில் முதல் 10 சென்டிமீட்டருக்கு எத்தனை நாளோ, 20 சென்டிமீட்டர் ஆக அதைப்போல நாலு மடங்கு, 30 ஆக ஒன்பது மடங்கு. அதன்மேல் பனி கொட்டினால் அது இன்னொரு கம்பளி. அதனால்தான் ஐஸ் ஆளைத் தாங்குகிற அளவுக்கு வந்ததும் பணியாளர்கள் முதலில் பனியை வாரித் தள்ளுகிறார்கள். அப்புறம் ஐஸில் துளை போட்டு, கால்வாய்த் தண்ணீரையே பம்ப் வைத்து மேலே இறைத்துப் பரப்புகிறார்கள், அது மேலிருந்து உறைகிறது. திறந்த பிறகும் ராத்திரியில் வந்து விரிசலை அடைத்து, பகலில் நாங்கள் கீறிவிட்டுப் போன பரப்பைத் தண்ணீர் விட்டு மெழுகுகிறார்கள். ஒருநாள் பின்னிரவில் பாலத்தின்மேல் நின்று பார்த்தேன். மஞ்சள் விளக்கு சுழல, தண்ணீர் வண்டி மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது, அதன் பின்னால் ஈரம் பளபளவென்று, ஒரு ஆள் கொஞ்ச தூரம் நடந்து குனிந்து பார்த்துவிட்டு மறுபடி நடந்தார். எனக்கு எங்கள் ஊர் லஸ்கர், மதகைத் திறந்து மூடுகிற பணியாளர், ஞாபகம் வந்துவிட்டார். முறை வைத்துத் தண்ணீர் விடுகிற நாளில் ராத்திரி ஒரு மணிக்கு டார்ச் லைட்டும் ஷட்டர் சாவியுமாகச் சைக்கிளில் கரையோடு போவார். காலையில் வயலில் தண்ணீர் நிற்கும், அவர் வந்துபோனது யாருக்கும் தெரியாது.

ஐந்தாவது அவென்யூ பக்கம் எல்லாரும் நிற்கிற இடம். பீவர்டெயில் வாங்க வரிசை. கோதுமை மாவை பீவர் என்ற விலங்கின் வால் மாதிரித் தட்டையாக இழுத்து எண்ணெயில் பொரித்து, பட்டைத் தூளும் சீனியும் தூவித் தருவார்கள். ஆளுக்குப் பாதி வாங்கினோம். ஆனால் எங்களுக்கு உண்மையான சாப்பாடு அக்காவின் பையில் இருந்தது. மரக்கறி ரோல்ஸ், அலுமினியத் தாளில் சுற்றி, அதன்மேல் கம்பளித் துணி சுற்றி. பிளாஸ்கில் இஞ்சி போட்ட பிளேன்ரீ, பால் இல்லாத தேநீர். மூடியில் ஊற்றிக் கொடுத்தார், குடிப்பதற்கு முன் கன்னத்தில் வைத்துக்கொண்டேன்.

அக்கா வந்து சேர்ந்தது ஒரு பிப்ரவரியில். செருப்போடு விமான நிலையத்தில் இறங்கியவர். முதல் ஐந்து வருடம் குளிர்காலம் என்றால் வேலைக்குப் போவது, வீட்டுக்கு வருவது, அவ்வளவுதான். அந்தக் குளிரைப் பார்க்கக்கூட மனம் வராது என்று ஜன்னல் திரையை இழுத்துவிட்டிருப்பாராம். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் ஸ்கேட்டிங் பழகி, அம்மாவையும் வா என்று இழுத்தபோது அவருக்கு நாற்பது வயது. "பிள்ளையள் ரெண்டு கையையும் பிடிச்சுக்கொண்டு போனாங்கள். அண்டைக்குத்தான் இந்த ஊரிலை நான் முதன்முதலா வெளியிலை நிண்டனான்" என்றார். பிள்ளைகள் இப்போது வேறு ஊர்களில். அக்கா எங்கள் மூன்று பேரையும் அப்படித்தான் கையைப் பிடித்துக்கொண்டு போயிருக்கிறார், முதல் நாள் என்னை, அடுத்த வருடம் மதுரைக்காரனை, அப்புறம் தம்பியை. 2023-ல் கால்வாய் திறக்காதபோது எங்களில் அதிகம் வாடியவர் அவர்தான் என்று எனக்குத் தெரியும்.

பேங்க் தெருப் பாலத்தைத் தாண்டிக் கால்வாய் மேற்கே திரும்பும். டௌஸ் ஏரி திறந்தவெளி, அங்கே போனதும் காற்று முகத்தில் அறைந்தது. தலையைக் குனிந்து, ஒருவர் பின் ஒருவராக, முதலில் போகிறவர் காற்றைத் தாங்க, கொஞ்ச தூரத்துக்கு ஒருமுறை ஆள் மாற்றிக்கொண்டு போனோம். சூரியன் ஐந்து மணிக்கே சாய்ந்துவிட்டது. ஐஸ் முதலில் ஆரஞ்சு, அப்புறம் ஒருவிதக் கத்தரிப்பூ நிறம். நாங்கள் நடு ஏரியில் மூச்சு வாங்கி நின்றபோது காலுக்குக் கீழே எங்கோ தூரத்திலிருந்து ஒரு சத்தம் கிளம்பி, டொம்ம் என்று உருண்டு எங்களைக் கடந்து போனது. வெப்பம் சட்டென்று இறங்கும்போது ஐஸ் சுருங்கி விரிசல் விடுகிற சத்தம். கனமான ஐஸ்தான் இப்படிப் பேசும், இது ஆபத்தான சத்தம் இல்லை. தெரிந்தாலும் நாலு பேரும் ஒரு நொடி மூச்சை நிறுத்திக்கொண்டோம்.

தம்பி அப்போதுதான் ஹாலந்துக் கதையைச் சொன்னான். அங்கே ஃப்ரீஸ்லாந்தில் 11 ஊர்களை இணைக்கிற கால்வாய்கள் வழியாக ஏறக்குறைய 200 கிலோமீட்டருக்கு எல்ஃப்ஸ்டெடன்டோஹ்ட் என்ற ஸ்கேட்டிங் போட்டி உண்டு. பாதை முழுக்க 15 சென்டிமீட்டர் ஐஸ் இருந்தால்தான் நடத்துவார்கள். கடைசியாக நடந்தது 1997 ஜனவரி 4-ல். அதற்குப் பிறகு ஒவ்வொரு குளிர்காலமும் காத்திருக்கிறார்கள். "நான் பொறக்கவே இல்லண்ணே அப்ப" என்றான். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. மதுரைக்காரன் மட்டும், "இன்னொரு ரவுண்டு போவமா?" என்றான். போனோம்.

திரும்பி வந்து பெஞ்சில் ஸ்கேட்டைக் கழற்றினால் கால் வேறு யாருடையதோ மாதிரி இருக்கும். தரை ரொம்பத் தட்டையாக, ரொம்பப் பிடிமானமாக. ஷூவை மாட்டிக்கொண்டிருந்தபோது அப்பா அழைத்தார். ஊரில் விடிகாலை ஐந்து மணி, அவர் எழுந்து டீ போட்டிருப்பார். சம்பா அறுப்பு நடக்கிறது, மெஷினுக்கு ஆள் கிடைக்கவில்லை, புது ஆற்றில் தண்ணீர் வற்ற ஆரம்பித்துவிட்டது என்று வரிசையாகச் சொன்னார்.

"உங்க ஆறு எப்படிப்பா இருக்கு?"

"கட்டியா இருக்குப்பா. ஒரு சாணுக்கு மேல."

"அப்ப வண்டி மாடே போகுமே."

"போகும்ப்பா. ராத்திரி தண்ணி வண்டி போகுது அதுமேல. மேல தண்ணி விட்டு விட்டுத்தான் கெட்டிப்படுத்துறாங்க."

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. டீயை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"ராத்திரியிலயா? அப்ப அங்கயும் லஸ்கர் உண்டுன்னு சொல்லு."

"உண்டுப்பா," என்றேன்.